காக்கா ஆழியை எண்ண எங்களோடு தண்ணீரில் இறங்கியவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு, எண்ணூர்க் கழிமுகத்தில் படர்கிற காக்கா ஆழி என்கிற சிப்பியைப் பற்றி நானும் என் தோழியும் செய்த ஆய்வு மாநில அளவோடு நின்றுவிட்டது. ரிசல்ட் வந்த அன்றே இதை எழுத உட்கார்ந்தேன், அழுகை வந்ததால் மூடி வைத்துவிட்டேன். இப்போது எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு உதவிய பாதிப் பேருக்கு நாங்கள் எங்கே போனோம், எதற்குப் போனோம் என்பதே சரியாகத் தெரியாது. இன்னமும் பார்க்கிற இடத்தில் எல்லாம் "ஆழி எண்ணி முடிச்சிட்டியா பாப்பா?" என்றுதான் கேட்கிறார்கள்.

1993இல் இருந்து நடக்கிற மாநாடு இது. 10 முதல் 17 வயது வரை உள்ள யாரும் தன் ஊரில் உள்ள ஒரு பிரச்சினையை எடுத்து ஆராய்ந்து, தாய்மொழியிலேயே பேசலாம். மாவட்டம், மாநிலம், பிறகு தேசிய அளவு. தமிழில் பேசலாம் என்று எங்கள் உயிரியல் டீச்சர் சொன்ன பிறகுதான் எனக்குத் தைரியமே வந்தது. டீச்சர், என்ன தலைப்பு எடுக்கலாம் என்று நாங்கள் கேட்டபோது நீங்கள் எதுவும் சொல்லாமல், "எண்ணூர்ல இறால் பிடிக்கிறவங்ககிட்ட போய் ஒரு நாள் உட்கார்ந்துட்டு வாங்க" என்று அனுப்பினீர்களே, அதற்கு முதல் நன்றி.

எண்ணூரில் உள்ள காட்டுக்குப்பத்தில் போய் உட்கார்ந்தோம். எல்லோரும் பேசியது காக்கா ஆழியைப் பற்றித்தான். தென் அமெரிக்கப் பக்கத்துச் சிப்பி அது, புத்தகப் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா. கப்பல்கள் நிலையாக மிதப்பதற்காக உள்ளே நிரப்பிச் சுமந்து வருகிற பாலஸ்ட் தண்ணீரோடு வந்திருக்கலாம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். கேரளத்துக் காயல்களிலும் இருக்கிறது. நூல் மாதிரி ஒன்றை விட்டு ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, சேற்றின் மேல் பாய் விரித்த மாதிரி படர்ந்துவிடும். இறால் பதுங்குவது அந்தச் சேற்றில்தான். இறால் போடுகிற பறிக்கூடையை வாயில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிற ஒரு ஆயா எங்கள் முன்னால் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். விரல் முழுக்க ஓடு கிழித்த கோடுகள். ஆயா, நீங்கள் அன்றைக்குக் கையைக் காட்டாமல் இருந்திருந்தால் நாங்கள் வேறு ஏதாவது சுலபமான தலைப்புக்குப் போயிருப்போம்.

உப்பு அதிகமுள்ள முகத்துவாரத்தின் பக்கம் ஆழி அதிகமாக இருக்கும் என்பது எங்கள் ஊகம். பிவிசி பைப்பில் அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரச் சட்டம் செய்தோம், அதைத் தண்ணீருக்குள் இறக்கி, உள்ளே அடங்குகிற ஆழியை எண்ணுவதற்கு. முதல் நாள் அது மிதந்துவிட்டது, பைப்புக்குள் மணல் நிரப்பு என்று சொல்லிக் காசு வாங்காமல் மூடியும் கொடுத்த திருவொற்றியூர் பிளம்பிங் கடை அண்ணனுக்கு நன்றி. மூன்று வாரம் எண்ணினோம். எங்கே போட்டாலும் ஆழி, நோட்டு நிரம்பியது, ரொம்பச் சந்தோஷமாக இருந்தோம். அப்புறம்தான் ஃபைபர் படகு ஓட்டி வந்த மாமா, கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துவிட்டு, "இன்னா பாப்பா, ஆழி இருக்கிற எடமா பார்த்துப் பார்த்துப் போடுறீங்க. அப்படிப் போட்டா ஆறு முழுக்க ஆழின்னுதானே வரும்?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திங்கட்கிழமை கணக்கு சாரிடம் போய்ச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை, அந்த மாமாவைத் தான் பார்க்க வேண்டும் என்றார், அடுத்த ஞாயிறு கும்மிடிப்பூண்டி ரயிலேறி எங்களோடு எண்ணூர் ஸ்டேஷனில் வந்து இறங்கியும் விட்டார். கழிமுகத்தின் படத்தைக் கிராஃப் தாளில் வரைந்து, கட்டத்துக்குக் கட்டம் நம்பர் போட்டு, சீட்டெழுதி டிபன் பாக்ஸில் குலுக்கி, வருகிற நம்பரில்தான் சட்டம் இறங்க வேண்டும் என்று ஆக்கினார். ஆழியே இல்லாத கட்டமும் வந்தது. எழுதாமல் விடப் பார்த்தேன். "பூஜ்யமும் எண்ணிக்கைதான், எழுது" என்றார். சார், மாமா, நீங்கள் இரண்டு பேரும் படகு ஓரத்தில் உட்கார்ந்து சீட்டுக் குலுக்கிய அந்தக் காலை எனக்கு எப்போதும் மறக்காது. பழைய மூன்று வாரக் கணக்கை நாட்குறிப்பில் இருந்து கிழிக்காமல், ஏன் செல்லாது என்று பக்கத்திலேயே எழுதி வைத்தோம்.

உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை நம்பிக் கொடுத்த கல்லூரி லேப் அக்காவுக்கு நன்றி. ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பிடித்தால் போதும், ஆனால் ஒவ்வொரு முறையும் காய்ச்சி வடித்த நீரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அளக்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்னீர்கள் அக்கா, மூன்றும் தேவைப்பட்டது. கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு என்று பாடத்தில் படித்ததை நாங்களே அளந்து பார்த்தபோது வந்த சந்தோஷம் தனி.

அம்மா, உனக்கு எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் மிதந்து வந்த தண்ணீர் அது, அதில் இறங்கவே கூடாது என்று முதலில் ஒரேயடியாக மறுத்தாய். அப்புறம் நீயே காசிமேட்டில் தேடி முட்டி வரைக்கும் வருகிற ரப்பர் பூட்ஸ் வாங்கி வந்தாய். அதைப் போட்டுக்கொண்டுதான் எல்லா வாரமும் போனேன்.

குலுக்கிப் போட்டு எண்ணியபோது, உப்புக்கும் ஆழிக்கும் நாங்கள் நினைத்த அளவு தொடர்பு தெரியவில்லை. அதை அப்படியே மேடையில் சொன்னோம். ஒரு நடுவர், மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் இறங்கும்போது எண்ணினீர்களா என்று கேட்டார். எண்ணவில்லை என்று சொன்னோம். நியாயமான கேள்வி அது, அவருக்கும் நன்றி.

மாமா, நாட்குறிப்பை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறோம், ஆயாவுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. மழை பிடித்ததும், ஓதம் இறங்கித் தண்ணீர் வற்றுகிற நேரத்துக்கு ஒரு போன் போடுங்கள், சட்டத்தோடு வந்துவிடுகிறோம்.