அந்தமானுக்கு முன்னால் அண்ணா விளையாட்டரங்கம்

வரும் பிப்ரவரியில் அந்தமான் போகவிருக்கும் எங்கள் கல்லூரி மாணவர் குழுவுக்கும், சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடவிருக்கும் பெற்றோருக்கும்,

வணக்கம். அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டியிருக்கும் பயணத் திட்டத்தைப் படித்தேன். சென்னையிலிருந்து விமானம், ஹேவ்லாக் தீவில் மூன்று நாள், கயாக்கிங் (சின்னத் துடுப்புப் படகு), ஸ்நார்கெலிங் (வாயில் மூச்சுக்குழாயோடு குப்புற மிதந்து கடலுக்கடியைப் பார்ப்பது), கடைசி நாள் செல்லுலார் சிறை. நல்ல திட்டம்தான். பவர் பேங்க், வாந்தி மாத்திரை, வெள்ளைச் சட்டை (குரூப் போட்டோவுக்காம்) வரைக்கும் பட்டியலில் இருக்கிறது. யார் யாருக்கு நீச்சல் தெரியும் என்று கேட்க மட்டும் ஒரு வரி இல்லை. போன வருடமும் இல்லை. போன வருடம் உங்கள் சீனியர்களோடு பொறுப்பு ஆசிரியையாகப் போனவள் நான். கேட்காமல் விட்டது என் தப்பும்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். இடம் ஹேவ்லாக்கின் எலிஃபண்ட் பீச். தண்ணீரில் நிற்கும்போது கால்விரல் நகம் வரைக்கும் தெரிந்தது. வழிகாட்டி ஒருவர் காற்றடைத்த டியூபை மிதக்கவிட்டு, நாலு நாலு பேராகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். முகத்தில் கண்ணாடி, வாயில் குழாய், உடம்பில் லைஃப் ஜாக்கெட். "நீச்சலே வேண்டாம் மேடம், சும்மா குப்புற மிதந்தால் போதும்" என்றார். பயப்படாத ஆளுக்கு அது சரி. நம் மாணவி ஒருத்தி சுடிதாரோடு இறங்கியிருந்தாள். ஜாக்கெட்டின் பக்கப் பட்டைகளை யாரும் இறுக்கிவிடவில்லை. குழாய்க்குள் ஒரு மடக்கு உப்புத் தண்ணீர் போனது, அவ்வளவுதான், டியூபை விட்டுவிட்டாள். ஜாக்கெட் மேலே ஏறிக் காதை மூடியது. முகவாய் அதற்குள் புதைந்தது. நனைந்த சுடிதார் காலோடு சுற்றிக்கொண்டது. கைக்கு அகப்பட்ட வழிகாட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கீழே காலை ஊன்றினாள். ஊன்றிய இடம் பவளம். என் தலை அப்போது தண்ணீருக்குள் இருந்தது. முறுக்கு உடைகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

உள்ளங்கால் கிழிந்துவிட்டது. ஊர் திரும்பி மூன்று வாரமாகியும் புண் ஆறவில்லை. அந்தப் பவளத்தின் கதை இதைவிட மோசம். பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் அது சின்னஞ்சிறு உயிர்கள் கூட்டமாகக் கட்டிக் குடியிருக்கும் வீடு. பந்து வடிவப் பவளமெல்லாம் ஆண்டுக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். 2010-இல் கடல் சூடேறியபோது அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப்போயின. அதில் தப்பியதன் மேல் நாம் ஏறி நின்றுவிட்டு வந்தோம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில் பவளமும் இருக்கிறது. ஆகவே, நினைவுக்கு ஒரு துண்டு என்று பைக்குள் போட்டுவிடாதீர்கள். செத்த துண்டாக இருந்தாலும் வழக்குதான்.

அந்த மாணவி நம் கடலூர் தேவனாம்பட்டினத்துப் பெண். அப்பா தினமும் கடலுக்குப் போகிறவர். அண்ணன் தம்பி எல்லாரும் கெடிலம் முகத்துவாரத்தில் குதித்துக் குதித்தே நீச்சல் கற்றவர்கள். இவளை மட்டும் முட்டிக்கு மேல் நனைய விட்டதில்லை.

பெற்றோரே, உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நானும் அதே கரையில் வளர்ந்தவள். 2004 டிசம்பர் 26 அன்று காலை எந்தத் தெருவில் நின்றேன் என்பது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அந்தமானை அடித்த அதே அலைதான் நம் கரைக்கும் வந்தது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள்தான் இப்போது கல்லூரியில் படிக்கிறார்கள். நம் பயத்தை அவர்களுக்கும் ஊட்டித்தான் வளர்த்திருக்கிறோம். ஆனால் கடலுக்கு அனுப்பாமல் இருந்தால் போதும் என்று நினைத்துவிட முடியாது. 2022 ஜூன் மாதம் நெல்லிக்குப்பம் பக்கம் ஏ.குச்சிப்பாளையத்தில், கெடிலம் ஆற்றுத் தடுப்பணைத் தண்ணீரில் சிறுமிகளும் இளம்பெண்களுமாக 7 பேர் மூழ்கிப்போனார்கள். பிள்ளைகள் தண்ணீரை எங்கேயாவது பார்த்துவிடத்தான் போகிறார்கள்.

அதனால் நான் கேட்பது இதுதான். பயணத்துக்கு முன்னால் எட்டு வாரம் தண்ணீர் பழகுங்கள். நம் அண்ணா விளையாட்டரங்கில் நீச்சல் குளம் இருக்கிறது. ஒலிம்பிக்குக்கு ஆள் தயார் பண்ணச் சொல்லவில்லை. மல்லாக்க மிதக்கத் தெரிய வேண்டும், 25 மீட்டர் நீந்தத் தெரிய வேண்டும், குழாயில் தண்ணீர் ஏறினால் தலையைத் தூக்காமல் பலமாக ஊதி வெளியே தள்ளத் தெரிய வேண்டும். கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க உள்ளே எச்சில் துப்பித் தடவி அலசுவார்கள். முதல் தடவை எல்லாரும் முகம் சுளிப்பீர்கள், அதையும் இங்கேயே சுளித்து முடித்துவிடுங்கள். சுடிதார், துப்பட்டா வேண்டாம். லெக்கின்ஸும் உடம்போடு ஒட்டிய முழுக்கை டீ-சர்ட்டும் போதும். வெயிலுக்கும் அதுதான் நல்லது. கிரீமை அப்பிக்கொண்டு பவளத்துக்கு மேல் மிதக்க வேண்டாம்.

கயாக்குக்குப் பிச்சாவரம் இருக்கிறது. ஹேவ்லாக்கில் நீங்கள் துடுப்புப் போடப்போவதும் அலையாத்திக் காட்டுக்குள்தான், அப்படியிருக்க நம் காட்டில் ஒரு நாள் பழகாமல் அங்கே போய் விழிப்பானேன்? துடுப்பைக் கை பலத்தால் மட்டும் இழுத்தால் அரை மணியில் கட்டைவிரல் இடுக்கு கொப்புளித்துவிடும். இடுப்பைத் திருப்பிப் போட வேண்டும். படகு கவிழ்ந்தால் திரும்ப ஏறுவதைத்தான் முதலில் பழக வேண்டும். அதற்கு இடுப்பளவுத் தண்ணீரும், நீர் ஏற்றம் இறக்கம் தெரிந்த கிள்ளைப் பக்கத்துப் படகோட்டி ஒருவரும் இருந்தால் போதும். கிளையைப் பிடித்து விளையாடாதீர்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த தில்லை மரம் இரண்டு காட்டிலும் உண்டு, அதன் பால் கண்ணில் பட்டால் பெரிய தொந்தரவு. பிச்சாவரத்தில் இல்லாத ஒன்று அங்கே இருக்கிறது: உப்புநீர் முதலை. 2010-இல் ஹேவ்லாக்கில் ஸ்நார்கெலிங் செய்துகொண்டிருந்த வெளிநாட்டுப் பெண் ஒருவர் முதலைக்கு இரையானார். எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கும் இடத்தில் இறங்கக் கூடாது என்றால் இறங்கக் கூடாது, செல்ஃபிக்காகக் கூட. பெற்றோரிடம் இதை மறைக்காமல் சொல்லிவிட்டே கையெழுத்து வாங்குங்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டுப் பயணமே வேண்டாம் என்று யாராவது முடிவெடுத்தால் அது எனக்குத்தான் பெரிய தோல்வி. அன்றைக்கு மிச்சக் கதையையும் கேளுங்கள். காலில் துணி கட்டியபடி அந்தப் பெண் கரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "காலை நனைக்காமல் பார்க்க முடியுமா மேடம்?" என்றாள். முடியாதுதான். இருந்தாலும் பட்டைகளை நானே இறுக்கிவிட்டு, மணல் தரையாக இருந்த இடத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் அவள் வயிற்றைத் தாங்கிப் பிடித்தேன். பத்து நிமிடம் மூச்சு மட்டும் விட்டாள். அப்புறம் கையை எடுத்துவிட்டேன், அவளுக்குத் தெரியாது. நம் கடல் ஆற்று வண்டலால் கலங்கிக் கிடப்பது. மீனை அவள் கூடையிலும் குழம்பிலும்தான் பார்த்திருக்கிறாள். திடீரென்று குழாயைத் துப்பிவிட்டு, "மேடம், ஓரா மீன்! உயிரோட ஓரா!" என்று கத்தினாள். இன்னொரு மடக்கு உப்புத் தண்ணீரும் குடித்தாள். இந்தத் தடவை சிரித்துக்கொண்டே இருமினாள்.

அவளும் இப்போது குளத்துக்கு வருகிறாள், உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க.

வரும் சனிக்கிழமை காலை 6 மணிக்கு நான் குளத்தில் இருப்பேன். நீச்சல் கண்ணாடி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வாங்கிக்கொள்ளலாம். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு மட்டும் வராதீர்கள், உள்ளே விட மாட்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் விலங்கியல் ஆசிரியை,
கடலூர்