சர்வீஸுக்கு வரும் காரில் மிச்சமிருந்த ஆயில் எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் மகள் சென்ற ஆண்டு டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சுழலி) பொருத்திய பெட்ரோல் எஞ்சின் உள்ள புது கார் வாங்கினாள். பெரும்பாலும் சென்னைக்கும் விருதுநகருக்கும் நான்குவழிச் சாலையில் ஓடும் வண்டி. அடுத்த சர்வீஸ் 10,000 கிலோமீட்டரில். மீட்டர் 6,000-ஐத் தாண்டியிருந்தபோது ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை உருவிப் பார்த்தேன். ஆயில் கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டது. எங்கும் ஒழுகல் இல்லை, சைலன்சரில் புகையும் இல்லை. சர்வீஸ் சென்டரில் கேட்டால், "அது நார்மல்தான் சார், ஆயில் லைட் எரிஞ்சா கொண்டு வாங்க" என்கிறார்கள்.

இந்தப் பதிலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பெரும்பாலான கார்களில் அந்தச் சிவப்பு விளக்கு காட்டுவது ஆயிலின் அழுத்தத்தை, அளவை அல்ல. அது எரியும் நேரத்தில் பேரிங்குக்கும் டர்போவுக்கும் ஆயில் சரிவரப் போய்ச் சேராமல் இருக்கும்.

எஞ்சின் கொஞ்சம் ஆயில் குடிப்பது இயல்பு, மறுக்கவில்லை. புது எஞ்சினில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் சிலிண்டரோடு படிந்து வரச் சில ஆயிரம் கிலோமீட்டர் ஆகும். மைலேஜுக்காக இப்போது ரிங்கின் இறுக்கத்தைக் குறைத்து, 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயிலை ஊற்றுகிறார்கள். நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் வேகமாக ஓட்டினால் ரிங்கைத் தாண்டியும் எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாகவும் ஆயில் போய் எரிந்துவிடுகிறது. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இருப்பதால் நீலப் புகையும் வெளியே தெரிவதில்லை.

ஆனால் எவ்வளவு வரை இயல்பு? சில நிறுவனங்களின் கையேட்டில் 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை குடிக்கலாம் என்றே அச்சிட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் 10,000 கிலோமீட்டருக்கு 5 லிட்டர். சிறிய கார்களின் எஞ்சின் மொத்தமாகப் பிடிப்பதே 4 லிட்டருக்குள்தான்! அப்படியானால் சர்வீஸ் வரை பானெட்டைத் திறக்கவே வேண்டாம் என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறார்கள்?

நான் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த பஸ்ஸுக்கு எவ்வளவு ஆயில் டாப்-அப் செய்தோம் என்பது பதிவேட்டில் ஏறும். ஒரு வண்டி திடீரென அதிகம் குடித்தால் ரிங்கா, டர்போ சீலா என்று அன்றைக்கே பார்க்கத் தொடங்குவோம். லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கும் காருக்கு இந்தக் கணக்கு கிடையாது. வண்டி உள்ளே போனதும் டிரெயின் போல்ட்டைக் கழற்றிப் பழைய ஆயிலை இறக்கிவிடுகிறார்கள். அதில் 3 லிட்டர் இருந்ததா, ஒன்றரை லிட்டர் இருந்ததா, யாருக்கும் தெரியாது. வாரண்டிக் காலம் முடிந்தபின் எஞ்சின் கோளாறு தெரிந்தால், அது முதல் வருடமே தொடங்கியது என்று உரிமையாளர் எதை வைத்து நிரூபிப்பார்?

அமெரிக்காவில் சுபாரு கார் உரிமையாளர்கள் இதே பிரச்சினைக்காகக் கூட்டாக வழக்குப் போட்டு, சமரசத்தில் எஞ்சின் வாரண்டியை 8 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் என்று நீட்டிக்க வைத்தார்கள். அங்கே ஆயிலை முழு அளவுக்கு நிரப்பி, குறிப்பிட்ட தூரம் ஓட்டச் சொல்லி, குறைவை அளந்து எழுதிக் கொடுக்கிற சோதனை உண்டு.

நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம். ஆயிலை இறக்குவதற்கு முன் டிப்ஸ்டிக்கில் இருந்த அளவை, சர்வீஸ் வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டில் எழுத வேண்டும். இடையில் செய்த டாப்-அப்பும் அதிலேயே ஏற வேண்டும். போக்குவரத்துத் துறை இதை எல்லா நிறுவனங்களுக்கும் கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை வாசகர்கள் வண்டியைச் சர்வீஸுக்கு விடுமுன் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி முக்கி எடுத்து, கிலோமீட்டர் மீட்டரோடு சேர்த்துப் படம் பிடியுங்கள். அதை சர்வீஸ் அட்வைசருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுச் சாவியைக் கொடுங்கள், தேதியோடு பதிவாகியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணிமனை மெக்கானிக்,
விருதுநகர்.