கார்த்திகை மீனா, மூன்று வைரமா

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய இரண்டு கார்களின் படங்களையும் விபரங்களையும் இரண்டு நாட்களாகத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 2013ஆம் ஆண்டு மிற்சுபிசி லான்சர் எவோவா, 2016ஆம் ஆண்டு சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். எஸ்.ரி.ஐ.யா என்று கேட்டிருக்கிறாய். அம்மாவிடம் கேட்டால் ரொயோற்றா கொரோல்லா என்கிறார். அதைச் சொல்லிவிடும்படி என்னிடம் கேட்டுக்கொண்டார்; சொல்லிவிட்டேன். என் பதில், பட்டறையில் வைத்து மாதக்கணக்கில் கழற்றிப் பூட்டி விளையாடுவதற்கு எவோ, கனடாவில் ஸ்காபரோவிலிருந்து மிசிசாகாவுக்கு நாள்தோறும் வேலைக்குப் போய் வருவதற்கு எஸ்.ரி.ஐ. என்பதாகும். நீ இரண்டையும் ஒரே காரிடம் எதிர்பார்ப்பதால், வேலைக்குப் போவதையே முதலில் வைத்து எஸ்.ரி.ஐ.யை வாங்கு என்கிறேன். ஆனால் அதன் எஞ்சினில் எனக்கு ஓர் அச்சம் உண்டு. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

இந்த இரண்டு கார்களின் பரம்பரையும், பொதுவீதிகளிலும் மண்பாதைகளிலும் ஓடும் உலக ரலிப் போட்டியின் விதிகளால் பிறந்தது. போட்டியில் ஓட விரும்பும் நிறுவனம் அதே வகைக் காரைப் பொதுமக்களுக்கும் விற்றாக வேண்டியிருந்ததால்தான் வேலைக்குப் போகிறவர்களின் கையிலும் இவை கிடைத்தன. மூன்று வைரச் சின்னமுள்ள மிற்சுபிசியில் ரொமி மாக்கினன் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை பட்டம் வென்றார். சுபாருவில் கொலின் மக்ரே 1995இலும், ரிச்சர்ட் பேர்ன்ஸ் 2001இலும், பெற்றர் சோல்பேர்க் 2003இலும் வென்றனர். சுபாரு என்பது நம்முடைய கார்த்திகை மீன்கூட்டத்துக்கு யப்பானியர் வைத்த பெயர். அதன் சின்னத்திலும் ஆறு நட்சத்திரங்கள்தாம் இருக்கின்றன என்று சொன்னபோது, நல்லூர்க் கந்தனை வளர்த்த ஆறு பேரும் காரில் ஏறிவிட்டார்களா என்று அம்மா சிரித்தார். அதன் பிறகு கொரோல்லாவைப் பற்றிய பேச்சும் சற்றுக் குறைந்திருக்கிறது.

முதலில் அன்றாட ஓட்டத்தைப் பார்ப்போம். எவோவில் பற்றரியையும் கண்ணாடி கழுவும் நீர்த்தொட்டியையும் முன்பக்கப் பாரத்தைக் குறைப்பதற்காகப் பின்னால் வைத்துவிட்டார்கள். அதனால் அதன் பொருட்பெட்டி 200 லீற்றர்கூட வராது. பின் இருக்கையும் மடியாது. எஸ்.ரி.ஐ.யில் ஏறக்குறைய 340 லீற்றர் இடம் உண்டு, இருக்கையும் மடியும். நாங்கள் அங்கே வந்தால் அம்மா எத்தனை பெட்டிகளோடு வருவார் என்பது உனக்குத் தெரியும். நீ பார்த்திருக்கும் எவோவுக்கு ஐந்து கியர்கள் மட்டுமே. 401 நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போதும் எஞ்சின் உயர்ந்த சுழற்சியிலேயே இரைந்துகொண்டிருக்கும். ஆறாவது கியர் உள்ள எஸ்.ரி.ஐ. அவ்விடத்தில் சற்று அமைதியாக ஓடும். எஸ்.ரி.ஐ. 305 குதிரைவலு, எவோ 291 என்று நீ எழுதியிருக்கும் வேறுபாட்டை நான் பொருட்படுத்தவில்லை. இரண்டும் உன் தேவைக்கு அதிகந்தான்.

எனக்குப் பெரிதாகப் படுவது உப்பு. ஊர்காவற்றுறையிலிருந்தும் வேலணையிலிருந்தும் பண்ணைப் பாலத்தால் என் பட்டறைக்கு வந்த வாகனங்களை அடித்தகட்டைத் தட்டிப் பார்த்தே தீவிலிருந்து வந்தவை என்று சொல்லிவிடுவேன். கடற்காற்று பல ஆண்டுகளில் செய்வதை, உங்கள் வீதிகளில் பனிக்காலத்தில் பனியை உருக்கக் கொட்டும் உப்பு சில பருவங்களிலேயே செய்துவிடும். எவோவில் பின் சக்கரங்களுக்கு விசையைக் கூட்டியும் குறைத்தும் பிரித்துக் கொடுக்கும் அமைப்புக்கு ஒரு பம்ப் உண்டு; அது பின் சக்கரத்தின் பக்கத்திலேயே சேறும் உப்பும் படும் இடத்தில் இருப்பதால், துருப்பிடித்துப் பழுதாவது அந்தக் காருக்குப் பழகிப்போன நோய். மாற்றும் செலவும் பெரியது. மேலும் மிற்சுபிசி எவோவைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. எஸ்.ரி.ஐ.யும் 2021ஆம் ஆண்டு மாதிரியோடு நின்றுவிட்டது என்றாலும், அதன் பாகங்கள் பலவற்றைச் சுபாருவின் வேறு கார்களும் பகிர்ந்துகொள்வதால் அவற்றைத் தேடிப் பிடிப்பது இலகு.

இனி எஞ்சினுக்கு வருகிறேன். நீ பிறப்பதற்கு முன்பு, 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராதிருந்த காலத்தில், நாங்கள் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். மண்ணெண்ணெயின் ஒக்ரேன், அதாவது தானாக வெடிக்காமல் தாங்கும் திறன், மிகக் குறைவு. தீ பரவி வரும் முன்பே சிலிண்டருக்குள் மீதமிருக்கும் கலவை தானாக வெடித்து, உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தம் கேட்கும். அதைத்தான் நொக்கிங் என்கிறோம். அந்தப் பழைய ஒஸ்ரின் ஏ40 காரின் அழுத்த விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவை அமுக்கப்படும் அளவு, ஏழுக்கு ஒன்றுக்குச் சற்று மேலே மட்டும் இருந்ததால் அது அந்தக் கொடுமையையும் பொறுத்துக்கொண்டது. அப்படியிருந்தும் நான் திறந்து பார்த்த பிஸ்ரன்களில் தலை குழிவிழுந்தவையும் வளையம் உடைந்தவையும் இருந்தன. மேடு ஏறும்போது கால் சற்று அழுந்தினாலே சத்தம் தொடங்கும். உடனே காலைத் தளர்த்துவேன். ஒரு காரை எப்படி ஓட்டுவது என்பதை அந்தச் சத்தந்தான் எனக்குக் கற்பித்தது.

உன்னுடைய எஸ்.ரி.ஐ.யின் 2.5 லீற்றர் எஞ்சினுக்கும் பகை அதே நொக்கிங்தான். ரேர்போ தள்ளும் காற்றோடு அது நிகழும்போது, பிஸ்ரனில் இரண்டு வளையங்களுக்கு இடையே இருக்கும் ஒடுங்கிய விளிம்பு வெடித்துப் போகிறது. நான்காவது சிலிண்டரில் இது அதிகம் நிகழ்கிறது என்று சொல்வார்கள். எவோவின் 2 லீற்றர் எஞ்சின் இந்த வகையில் திடமானது. ரேர்போவின் காற்றழுத்தமான பூஸ்ற்றைக் கூட்டினாலும் அதிகம் தாங்கும். எஞ்சினின் வலுவைக் கூட்ட ரியூனிங் செய்பவர்கள் அதன் பக்கம் சாய்வதில் நியாயம் உண்டு. அதனால்தான் எஸ்.ரி.ஐ.யை வாங்கச் சொல்லும் நான், அதை வாங்கி ஒரு பனிக்காலம் முழுவதும் எதையும் மாற்றாமல் ஓட்டு என்றும் சொல்கிறேன். அதன் பிறகு பிறேக் எண்ணெயையும் பிறேக் பாட்களையும் நல்லதாக மாற்று. பனிக்கால ரயர் தனியாக ஒரு தொகுதி வேண்டும். பிறகு எஞ்சினின் கணினிக் கட்டளைகளை மட்டும், நீ உண்மையில் அடிக்கும் பெற்றோலுக்கு ஏற்ப, அனுபவமுள்ள ஒருவரிடம் திருத்திக்கொள். அங்கே 91 என்று எழுதியிருப்பதும் இங்கே 95 என்று எழுதியிருப்பதும் ஏறக்குறைய ஒரே பெற்றோல்தான். அளக்கும் முறைதான் வேறு; எண்ணைப் பார்த்து மட்டமானது என்று நினைத்துவிடாதே. புகைக்குழாயை மாற்றிவிட்டுக் கணினியைத் தொடாமல் ஓட்டுவதும், புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கிப் பெட்டியைக் கழற்றி எறிவதும் வேண்டாம். பின்னையது ஒன்ராறியோவில் குற்றமும் ஆகும். எதை மாற்றினாலும் காப்புறுதிக்காரருக்கு எழுத்தில் அறிவித்துவிடு.

வாங்கும் முன், முந்திய சொந்தக்காரர் கை வைத்த காரா என்று பார். வாயால் இல்லை என்பார்கள். போல்ற்றுகளின் தலையில் ஸ்பனர் பட்ட தடம் உண்மையைச் சொல்லும். காரை உயர்த்தி அடிப்பக்கத்தைக் காட்டச் சொல். நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் கசிவையும் அளக்கும் சோதனைக்கு, விற்பவருக்குத் தொடர்பில்லாத பட்டறைக்குக் கொண்டுபோ. அந்தக் காசை வீண் என்று எண்ணாதே. இந்த எஞ்சின் எண்ணெயைச் சற்றுக் குடிக்கும், ஆகவே இரண்டு முறை பெற்றோல் அடிக்கும்போது ஒரு முறையாவது எண்ணெய் மட்டத்தைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

முற்பணம் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு வேலை செய். இரவு முழுவதும் குளிரில் நின்ற எஞ்சினைக் காலையில் ஸ்ராட் செய்து, பொனற்றைத் திறந்து வைத்து, முதல் இரண்டு நிமிடச் சத்தத்தைக் கைத்தொலைபேசியில் பதிந்து அனுப்பு. தொடக்கத்தில் மெதுவாகத் தட்டிச் சூடேற ஏற மறையும் சத்தம் இந்த எஞ்சினுக்கு இயல்பானதுதான். சுழற்சியைக் கூட்டும்போது கூடவே வேகமெடுத்துச் சூடேறியும் மறையாமல் நிற்கும் ஆழ்ந்த தட்டல் என்றால் அந்தக் காரை விட்டு விலகு. அருகில் நின்று பேசாதே, வானொலியையும் அணைத்து வை. நான் இங்கே இரவில், மின்விசிறியையும் நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

அன்புடன்,
அப்பா