எங்கள் வீட்டைக் காத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கல்லடி, மட்டக்களப்பு

பட்டமளிப்பு முடிந்து வந்ததும் அலுமாரியின் மேல்தட்டைக் கிளறி என் பழைய தேர்ச்சி அறிக்கைகளை எடுத்தேன். ஒவ்வொன்றிலும் 'பெற்றோர் கையொப்பம்' என்ற கோட்டில் அப்பாவின் நீல மை. அதற்குக் கீழே, கண்ணைக் கிட்டக் கொண்டுபோனால்தான் தெரியும், பென்சிலால் இன்னொன்று. அது சின்னப்பா வைத்தது.

ஊருக்குத்தான் அவர் சின்னப்பா. வீட்டுக்குள் "அப்பா" என்று கூப்பிட்டால் இரண்டு குரல் வரும். 1941ஆம் ஆண்டின் மகவேற்புக் கட்டளைச் சட்டப்படி, கணவன் மனைவியாக இல்லாத இரண்டு பேர் சேர்ந்து ஒரு பிள்ளையைத் தத்தெடுக்க முடியாது. நீதிமன்றக் கட்டளையில் ஒரு பெயர்தான் ஏறியது. மற்றவருக்குப் பென்சில்.

இங்கே யார் பெயரையும் எழுதவில்லை. 1883இல் வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப்போன தண்டனைச் சட்டக்கோவையில், ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்கிற உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இருக்கும்வரை எழுதவும் மாட்டேன். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

2007 தொடக்கத்தில் வாகரையில் இருந்து சனத்தோடு சனமாக அம்மம்மாவின் இடுப்பில் வந்தவன் நான். அவவும் போனபின் சிறுவர் இல்லம். இவர்கள் முதல்முதல் பார்க்க வந்த அன்று நான் வாயே திறக்கவில்லையாம். அடுத்த கிழமையும் வந்தார்கள், அதற்கடுத்த கிழமையும். வீட்டுக்கு வந்த பிறகு சின்னப்பா ஒட்டி மீனின் முள்ளை ஒவ்வொன்றாய் எடுத்துக் கோப்பை ஓரத்தில் அடுக்கி, "எத்தினை முள்ளு, எண்ணு பாப்பம்" என்பார். எண்ணி முடிக்கிற நேரம் பிட்டும் முடிந்திருக்கும். நான் கணக்குப் படித்தது அந்த முள்ளில்தான்.

வீடு பார்க்க வந்த நன்னடத்தை உத்தியோகத்தர் அம்மா, நீங்கள் அறிக்கையில் என்ன எழுதினீர்களோ, நான் இந்த வீட்டில் வளர்ந்தேன். நன்றி. டீச்சர், ஐந்து வருடம் அந்தப் பென்சில் கையொப்பத்தைக் கண்டும் நீங்கள் அழிக்கவில்லை, கேட்கவுமில்லை. டெங்கு வந்து கிடந்தபோது "தகப்பன் மட்டும் நில்லுங்க" என்று ஒருவர் சத்தம் போட, "ரெண்டு பேரும் நில்லுங்க, கேட்டா மாமா எண்டு சொல்லுங்க" என்று கதிரை இழுத்துப் போட்ட தாதி அக்கா, உங்களை மறக்க ஏலாது. காத்தான்குடி உம்மா, பெருநாளுக்கு நீங்கள் அனுப்பும் வட்டிலப்பம் எப்போதும் மூன்று பேருக்கு அளவாகவே இருக்கும்.

கலியாண வீடுகளுக்கு அப்பாவை மட்டும் கூப்பிட்டவர்களும் இருக்கிறார்கள். இந்த மடல் அவர்களுக்கு இல்லை.

2023 மே மாதம், அந்தப் பிரிவுகளைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அப்பா அந்தச் செய்தியை உரத்து வாசித்தார். சின்னப்பா எழும்பிப்போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, "இன்னொருக்கா வாசியுங்க" என்றார்.

நேற்றிரவு பேனையை எடுத்து அந்தப் பென்சில் எழுத்தின் மேலால் எழுதப் போனேன். சின்னப்பா கையைப் பிடித்துவிட்டார். "அது மறுகா பாப்பம் மனே. ஒழும்பு, பிட்டு ஆறுது."

இப்படிக்கு,
இருவரின் மகன்