சிவப்புப் பூ, கறுப்பு இலை

அன்புள்ள கயல்,

நீ வரைந்து அனுப்பிய மார்னிங் குளோரிக் கொடிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பூ பரவாயில்லை. இலையில்தான் கோளாறு: நரம்பெல்லாம் கசிந்து ஊறியிருக்கிறது. மையைக் குறை சொல்லாதே, காரணம் தண்ணீர்.

சீன ஓவியர் சீ பாய்ஷி (1864–1957) பாணியில் மார்னிங் குளோரி வரைய, படிகாரம் பூசாத ஷுவான் தாள்தான் வேண்டும். சீனாவின் அன்ஹுய் மாகாணத்து ஜிங் வட்டாரத்தில் மரப்பட்டையும் வைக்கோலும் சேர்த்துச் செய்வது. மையை அப்படியே குடித்துவிடும். படிகாரம் பூசிய தாள் நுண்ணிய கோட்டு வேலைக்கு. 69 × 138 செ.மீ. தாளை நான்காக வெட்டிக்கொள், வழவழப்பான பக்கம் மேலே இருக்கட்டும். அடியில் கம்பளி விரிப்பு கட்டாயம். வெறும் மேசை என்றால் மை அடியில் தேங்கித் திட்டாகிவிடும்.

இலைக்கு ஆட்டுமயிர்த் தூரிகை. முழுக்க நனைத்து, தட்டின் விளிம்பில் வழித்து, வெளிறிய மையை அடிவரை ஏற்று. நுனியை மட்டும் அடர் மையில் தொடு. தூரிகையைப் படுக்க வைத்து மூன்றே இழுப்பு, நடுமடல் முதலில், பிறகு இரு பக்கமும். திரும்பத் தடவினால் சேறாகிவிடும்.

இனிதான் கவனம். இலையின் ஈரப் பளபளப்பு போய், தாள் இன்னும் தண்ணென்று இருக்கும்போது நரம்பு போட வேண்டும். முந்தினால் உனக்கு ஆனதுபோல் கசியும். பிந்தினால் நரம்பு இலையோடு ஒட்டாமல் கம்பிபோலத் தனியே நிற்கும். அதற்கு விறைப்பான மரநாய் மயிர்த் தூரிகை, செங்குத்தாகப் பிடித்து, அடர் மை. நேரம் பிடிபடும்வரை ஓரத் துண்டுத் தாளில் ஓர் இலை கூடவே போட்டுச் சோதித்துக்கொள். மை காய்ந்தால் வெளிறும். ஈரத்தில் சற்று அதிகக் கறுப்பாகத் தெரிந்தால்தான் சரி.

பூவுக்கு கார்மைன் சிவப்பு. பாய்ஷி கையாண்டதும் அதுதான். தொண்டைப் பகுதியை வெள்ளையாகவே விடு. அளவில் கஞ்சத்தனம் வேண்டாம்: பெய்ஜிங் ஆப்பரா நடிகர் மெய் லான்ஃபாங் வீட்டில் கிண்ணம் அகலப் பூக்களைப் பார்த்த பிறகுதான் பாய்ஷி இதை வரையத் தொடங்கினார். கொடியைக் கடைசியில், முழங்கையை அசைத்து வேகமாக இழு. இடையில் மை விட்டுப்போனால் நிரப்பாதே, அந்த வெள்ளைதான் அழகு.

சட்டம் போடக் கொடுக்குமுன் ஒரு மூலையில் சிவப்பின்மேல் ஈரப் பஞ்சை ஒற்றிப் பார். நிறம் ஒட்டிவந்தால் பசைக் கூழ் வைத்து ஒட்டவிடாதே. சூட்டில் ஒட்டும் படலம் வைக்கச் சொல்.

அப்பா