கீழ்த் தோட்டத்துக் கிணறு

கேத்தி, நீலகிரி,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள கண்ணு,

கீழ்த் தோட்டத்தில் உருளை போடலாம், வேரைத் தாக்கும் நூற்புழு வந்தால் குருணை மருந்தைத் தூவிவிடலாம் என்று போனில் சொன்னாய். அப்பாவும் தலையாட்டிவிட்டார். உன் அத்தை பக்கத்தில் இருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை.

நேற்று மேல் தோட்டத்து மண்ணை நனைத்து, கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தேன். விரல் நீளத்துக்கு நாடா மாதிரி ஒடியாமல் வந்தது, அவ்வளவு களிமண். கையெல்லாம் கறுப்பு. அப்புறம் கீழே போய் ஒரு பிடி எடுத்தேன், உருண்டையாகக்கூட நிற்கவில்லை. 2009 நவம்பர் மழையில் மேடு சரிந்ததே, அப்போது வந்த மணலும் சரளையும்தான் இன்னும் அங்கே கிடக்கிறது.

மருந்தைப் பிடித்து வைப்பது களிமண்ணும், இலைதழை மக்கிச் சேர்ந்த மக்கும்தான். மணலில் இரண்டும் இல்லை. அதிலும் எல்லா மருந்தும் ஒன்றல்ல. குளோர்பைரிபாஸ் என்கிற பூச்சிமருந்து ஒரு லிட்டர் தண்ணீரில் 1 மில்லிகிராம் சுமாருக்குத்தான் கரையும், மக்கில் ஒட்டிக்கொள்ளும். நீ சொன்ன குருணை மருந்து, அதுதான் கார்போபியூரான், 300 மில்லிகிராமுக்கு மேலேயே கரையும். மண்ணோடு ஒட்டாது, மழைத் தண்ணீர் போகிற வழியே போகும். சுண்ணாம்பு மண்ணாக இருந்தால் சீக்கிரம் சிதைந்துவிடும். நம் மண்ணோ புளிப்பு, அதில் நாள்பட இருக்கும். கீழ்த் தோட்டத்துக் கிணற்றில் 12 அடியிலேயே தண்ணீர். அதைத்தான் நாம் குடிக்கிறோம்.

மேல் தோட்டத்தை நம்பலாம் என்றும் நினைக்காதே. எலி வளை, மண்புழு வளை, காய்ந்த வேர் விட்ட ஓட்டை எல்லாம் உண்டு. மருந்து போட்ட மறுநாளே அடைமழை பிடித்தால், மண்ணோடு பேச நேரமில்லாமல் தண்ணீர் அந்த ஓட்டைகள் வழியே இறங்கிவிடும். இதை ஒரு வருஷம் நானே செய்தேன். வானம் மூட்டமாக இருந்தும் கூலியாள் கிடைத்தாரே என்று தூவினேன். மூன்றாம் நாள் ஓடைக்குட்டையில் தலைப்பிரட்டைகள் மிதந்தன. மருந்தால்தானா என்று யாரும் சோதிக்கவில்லை. ஆனாலும் ஒரு மாசம் பக்கத்து வீட்டுக் குழாயில்தான் தண்ணீர் பிடித்தேன்.

விதைக்கிழங்குக்கு நீ அனுப்பிய பணத்தில் பாதிக்குத் தொழு உரம் சொல்லிவிட்டேன், கோபப்படாதே. கீழே இந்த வருஷம் மாட்டுக்குப் புல். உருளை மேலேதான், அதுவும் போன போகம் முட்டைக்கோஸ் இருந்த பாத்தியில்.

பொங்கலுக்கு வரும்போது ஒரு நல்ல மண்வெட்டி வாங்கி வா. இங்கே கிடைக்கிறது எல்லாம் காம்பு ஆடுகிறது.

அம்மா