கப்பல் ஏறுமுன் தெரிய வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரவிய சொகுசுக் கப்பலின் அடுத்த பயணத்தில் ஏறலாமா என்று தயங்குவோரிடம், கப்பலைச் சுத்தம் செய்துவிட்டோம் என்று மட்டும் சொல்வது போதாது. கப்பல்களில் இத்தகைய பரவலுக்குப் பெரும்பாலும் காரணமான நோரோ வைரஸ் என்னும் கிருமி சானிடைசருக்கு எளிதில் அடங்காது; கைகளுக்குச் சோப்பும் ஓடும் நீரும், கைப்பிடிகளுக்குக் குளோரின் கரைசலும் வேண்டும்; நோய் தெளிந்தவர் உடலிலிருந்தும் அது பல நாள் வெளியேறும் என்பதால், பாதிக்கப்பட்ட பணியாளர்கள் குணமான பின்னும் குறைந்தது 48 மணி நேரம் சமையற்கூடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார்களா என்பதையே நான் முதலில் கேட்பேன்.

அமெரிக்காவில் இத்தகைய பரவலை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கப்பலின் பெயரோடு வெளியிடுகிறது. சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்படும் பயணங்களுக்கும் அத்தகைய அறிவிப்பு கட்டாயமாக வேண்டும். நீரிழப்பு முதியோரையும் குழந்தைகளையும்தான் விரைவில் வீழ்த்தும் என்பதால், அவர்களுக்குக் கட்டணமின்றிப் பயணத் தேதியை மாற்றித் தர வேண்டும். எழுபதைக் கடந்த என் தாயாரை, இவ்விவரங்கள் தெரியாமல் நான் ஏற்ற மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ராயபுரம்